இலக்கிய மாநாட்டுக்குப் போகும் புதிய எழுத்தாளருக்கு

காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் நிறுவிய கம்பன் கழகத்தின் விழாக்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மேடைப்பேச்சு புதிதல்ல. ஆனால் எழுத வருபவருக்கு மாநாட்டின் பெரும்பயன் மேடைக்குக் கீழேதான் கிடைக்கிறது. சிறுகதைப் பட்டறை இருந்தால் தவறவிடாதீர்கள்: செட்டிநாட்டு வீடொன்றின் ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த வளவையும் (உள்முற்றப் பகுதி) முகப்பையும் இரண்டு பக்கம் வருணிக்கும் கதையை வாய்விட்டு வாசிக்கும்போது, அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற செய்தி வரும் இடத்தில்தான் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த வரியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ளதைத் தயங்காமல் வெட்டுங்கள். தேநீர் இடைவேளையில் பதிப்பாளரைச் சந்தித்தால், கையெழுத்துப் பிரதியை நீட்டாமல், நூலின் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, உரிமைத்தொகையையும் (ராயல்டி) பதிப்புரிமையையும் பற்றிக் கேளுங்கள்; அச்சுச் செலவை உங்களிடமே கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. பொன்னாடை போர்த்தும் நேரத்தில் (அது எப்படியும் நீளும்) புத்தக அரங்குக்குப் போய்விடலாம்.