மீந்த பார்பிக்யூ கறியும் கிரில்டு சீஸும்: எங்கே சொதப்புகிறோம்?

டெக்சஸில் கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஃப்ரிட்ஜைத் திறந்தால், அலுமினியத் தாளில் சுற்றிய கனத்த பொட்டலம் ஒன்று முன்னாலேயே உட்கார்ந்திருக்கும். முந்தின நாள் வீட்டுப் பின்பக்கத்தில், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் புகையில் கிடந்து வெந்த பிரிஸ்கட்டின் மிச்சம் அது. மாட்டின் நெஞ்சுக்கறி. முழுசாக வாங்கினால் 5, 6 கிலோ தேறும். வெந்து சுருங்கி, வந்தவர்கள் எல்லாம் வயிறு முட்டத் தின்ற பிறகும் மிஞ்சும். அதை ரெண்டு பிரெட்டுக்கு நடுவில் சீஸோடு வைத்து வெண்ணெயில் சுட்டு, கிரில்டு சீஸ் சாண்ட்விச்சாகத் தின்பது இங்கே பலருக்கும் வழக்கம்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. நான் முதல் தடவை செய்தபோது பிரெட் கருகியிருந்தது, சீஸ் அரைகுறையாக இளகியிருந்தது, நடுவில் கறி ஜில்லென்று இருந்தது. என் மனைவி ஒரு வாய் கடித்துவிட்டு, “ஏங்க, இதுக்கு அந்தக் கறியைக் குழம்புலயே போட்டிருக்கலாமே” என்றாள். அதற்கப்புறம் எத்தனையோ செய்தாயிற்று. தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் பிறக்கிறது: கறியைச் சூடாக்கும் வேலையையும் சாண்ட்விச்சின் தலையில் கட்டிவிடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறி 4 டிகிரி செல்சியஸில் இருக்கும். சீஸ் இளகி வழிய 55, 60 டிகிரி போதும். பிரெட்டின் மேல்தோல் பொன்னிறமாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். பிரெட்டோ உள்ளே முழுக்கக் காற்று. சூட்டை அவ்வளவு சீக்கிரம் உள்ளே விடாது. ஆக, நடுவில் இருக்கும் கறிக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் வெளியே கரியாகிவிடும். தீயைக் கூட்டினால் இன்னும் மோசம். பிரிஸ்கட்டில் இன்னொரு வம்பும் உண்டு. மாட்டுக் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி இறுகிவிடும், அரைகுறைச் சூட்டில் அது இளகாது. மேல்வாயில் பிசுக்கென்று ஒட்டும்.

அதனால் கறியைத் தனியாகச் சூடு பண்ணிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. பலர் முழுத் துண்டத்தைச் சூடாக்கி, அப்புறம் வெட்டுவார்கள். சூடான பிரிஸ்கட் கத்தி பட்டதும் பிய்ந்து உதிரும். ஜில்லென்று இருக்கும்போதே வெட்டுங்கள். பல மணி நேரம் வெந்ததில் அதன் சவ்வெல்லாம் கரைந்து ஜெலட்டின் ஆகியிருக்கும். குளிரில் அது உறைந்து கறியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் கத்தி வழவழவென்று இறங்கும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாகச் சீவி, அந்தச் சீவலை மறுபடியும் விரல் நகம் அளவுக்கு நறுக்க வேண்டும். நீளத் துண்டாக விட்டால் முதல் கடியிலேயே மொத்தக் கறியும் பல்லோடு வந்துவிடும், கையில் வெறும் பிரெட் நிற்கும். மேலே கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும் பாகத்தைக் கருகல் என்று நினைத்து எறியாதீர்கள். மிளகும் உப்பும் புகையும் சேர்ந்து இறுகிய இடம் அது. அதைப் பொடிசாக நறுக்கி எல்லாத் துண்டுகளோடும் கலந்துவிட வேண்டும். ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் வேகவில்லை என்று பயப்படவும் வேண்டாம். புகையில் இருக்கும் வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது.

நறுக்கியதைச் சின்ன வாணலியில் போட்டு, ஒரு கரண்டித் தண்ணீரோ, பொட்டலத்தின் அடியில் உறைந்து கிடக்கும் சாறோ விட்டு, மூடிபோட்டுச் சிறு தீயில் வையுங்கள். ஆவி நன்றாகப் பறக்கும்வரை. தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி என்று பார்த்துக்கொள்ளலாம். மீந்த உணவை மறுபடி சூடாக்க அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு அதுதான். மைக்ரோவேவும் பரவாயில்லை, ஆனால் பாதி பவரில், மூடி வைத்து, நடுவில் ஒரு தடவை கிளறிவிட்டு. முழு பவரில் இரண்டு நிமிஷம் விட்டால் ஓரமெல்லாம் செருப்புத் தோல்.

சூடானதும் அப்படியே அள்ளிப் பிரெட்டில் கொட்டுவது அடுத்த தவறு. சாறு வாணலியிலேயே நிற்கட்டும். கறியைக் காகிதத் துவாலையில் ஒரு நிமிஷம் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரம் பிரெட்டின் உள்பக்கத்தை ஊறவைத்துவிடும். வெளியே எவ்வளவு மொறுமொறுப்பு வந்தாலும் கடித்தால் சொதசொத என்றிருக்கும். அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சாண்ட்விச்சைத் தொட்டுச் சாப்பிட வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் சாண்ட்விச்சைவிட அதற்குத்தான் அடிதடி.

பார்பிக்யூ சாஸ் விஷயத்திலும் இதே கதை. கன்சாஸ் சிட்டி பாணிச் சாஸில் தக்காளியோடு வெல்லப்பாகு மாதிரியான மொலாசஸும் சர்க்கரையும் ஏராளம். உள்ளே தாராளமாகத் தடவினால் அது ஓரமாக வழிந்து கல்லில் விழும், விழுந்த நொடியில் கருகிக் கசக்கும், அந்தக் கசப்பு பிரெட்டில் ஏறும். ஏற்கனவே சாஸில் புரட்டிய புல்டு போர்க், அதாவது நார் நாராகப் பிய்த்த பன்றிக்கறி என்றால் வாணலியிலேயே கொஞ்சம் வற்றவிடுங்கள். வேண்டுகிறவர்கள் சாஸைப் பக்கத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளட்டும். வடக்குக் கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில் போடும் வினிகர், மிளகாய்ச் சாஸில் இந்தத் தொல்லை குறைவு. தண்ணியாக இருக்கும், கறியில் இழுத்துக்கொள்ளும், கொழுப்பின் திகட்டலையும் வெட்டும். என் ஓட்டு அதற்குத்தான்.

சீஸுக்கு வருவோம். சுவை உசத்தியாக இருக்க வேண்டும் என்று ஒன்றரை, ரெண்டு வருஷம் முதிரவைத்த செடார் சீஸ் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட அருமை, உருக்கினால் பிரச்சினை. நாள்பட நாள்பட அதன் புரதக் கட்டு தளர்ந்துபோவதால் சூடு பட்டதும் எண்ணெய் தனியாக, திரிதிரியாகச் சீஸ் தனியாகப் பிரியும். பிரிஸ்கட்டின் கொழுப்பும் அதோடு சேர்ந்தால் முழங்கை வரை வழியும். இளம் செடார், மான்டரே ஜாக், குடா போன்றவை பாந்தமாக இளகும். ‘அமெரிக்கன் சீஸ்’ என்று விற்கும் ஸ்லைஸைக் கண்டால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. உருகுவதில் அதை அடிக்க ஆளில்லை. அதில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் கட்டிவைக்கின்றன. ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-ல் இப்படிப்பட்ட பதப்படுத்திய சீஸுக்குக் காப்புரிமை வாங்கியபோது சீக்கிரம் கெடாத சீஸ்தான் அவர் குறி. உருகும் குணம் கூடவே வந்தது. நான் ஒரு பக்கம் அந்த ஸ்லைஸும் மறுபக்கம் துருவிய இளம் செடாரும் வைப்பேன். ஒன்று ஒட்டும், ஒன்று மணக்கும். இந்தியாவில் டப்பாவிலும் ஸ்லைஸாகவும் கிடைக்கும் பதப்படுத்திய சீஸும் இந்த வகைதான், தாராளமாகப் போடலாம். பனீர் மட்டும் வேண்டாம். சூடான பாலில் புளிப்பு விட்டுத் திரித்தது, எத்தனை நேரம் வைத்தாலும் உருகாது.

பையில் துருவியே வரும் சீஸையும் தவிர்ப்பது நல்லது. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதன்மேல் உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். ஒட்டக்கூடாது என்று செய்த சீஸ் இங்கே எப்படி ஒட்டும்?

ஏனென்றால் இதில் சீஸின் முதல் வேலை பசை. இதை மறப்பதால்தான் கறியை மலையாகக் குவிக்கிறோம், மிச்சம் நிறைய இருக்கிறதே என்று. ஒரு சாண்ட்விச்சுக்கு எழுபது கிராம் கறி, அதே அளவு சீஸ், இது என் கை அளவு. கீழே சீஸ், நடுவில் கறி, மேலே மறுபடி சீஸ். ரெண்டு பிரெட்டையும் சீஸ் தொட வேண்டும். கறி பிரெட்டைத் தொட்டால் திருப்பும்போது மேல் பிரெட் ஒரு பக்கம், கறி ஒரு பக்கம்.

பிரெட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாவைப் புளிக்கவைத்துச் செய்யும், பெரிய பெரிய ஓட்டை விழுந்த சவர்டோ பிரெட்டில் சீஸ் ஒழுகும். ரொம்ப மெல்லிசும் வேண்டாம், இங்கே ‘டெக்சஸ் டோஸ்ட்’ என்று விற்கும் கனத்த துண்டும் வேண்டாம், நடுவாந்தரம் போதும்.

அடுப்புதான் நம் ஆட்களை ஏமாற்றும் இடம். ‘கிரில்டு’ என்று பேர் இருப்பதால் இதைக் கம்பிவலையில், தணல்மேல் வைக்கப் போகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் இந்தப் பேர் தட்டைக் கல்லில் சுடுவதைக் குறிக்கிறது. நம் தோசைக்கல் இதற்கென்றே செய்தது போல இருக்கும், இரும்புக் கல்லானால் இன்னும் விசேஷம். ஆனால் தோசைக்குக் கல் காய்ந்ததா என்று பார்க்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. தண்ணீர் தெளித்தால் சொய்யென்று முத்து முத்தாக உருண்டு ஓடும் பதம் தோசைக்கு. அந்தக் கல்லில் வெண்ணெய் தடவிய பிரெட்டை வைத்தால் ஒரு நிமிஷத்தில் கரி. வெண்ணெயில் இருக்கும் பால்சத்து 150 டிகிரியைத் தாண்டினால் கருகத் தொடங்கும். கல்லில் துளி வெண்ணெயை வையுங்கள். சோம்பலாக உருகி, மெல்ல நுரைத்தால் அதுதான் பதம். உடனே பழுப்பானால் அடுப்பை அணைத்துக் கல்லைக் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

வெண்ணெயைக் கல்லில் போடாமல் பிரெட்டின் வெளிப்பக்கத்தில், ஓரம்வரை, இளகிய வெண்ணெயாகத் தடவுவது மேல். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கட்டி வெண்ணெய் பிரெட்டைக் கிழித்துவிடும். மயோனைஸ் தடவுகிறவர்களும் உண்டு. சீராகச் சிவக்கும், மணம் வெண்ணெய்க்கு ஒரு மாற்றுக் குறைவுதான். உப்பில்லாத வெண்ணெயாகவே வாங்குங்கள். கறியில் உப்பு, சீஸில் உப்பு, கடிக்க வைக்கும் வெள்ளரி ஊறுகாயில் உப்பு, நாலாவதாக ஒன்று எதற்கு?

கல்லில் வைத்ததும் முதல் இரண்டு நிமிஷம் மேலே ஒரு மூடி. உள்ளே தேங்கும் சூட்டில் மேல் சீஸும் இளகத் தொடங்கும். அதற்குமேல் மூடி இருந்தால் ஆவி பிடித்துப் பிரெட் வதங்கிவிடும், எடுத்துவிடுங்கள். ஓரத்தைத் தோசைத் திருப்பியால் லேசாகத் தூக்கிப் பார்த்து, நிறம் வந்ததும் ஒரே ஒரு தடவை திருப்புங்கள். திருப்பியால் அழுத்தி நசுக்கும் ஆசை வரும். சீஸ் பிதுங்கிக் கல்லில் போய் விழும், அவ்வளவுதான் லாபம். ஒரு பக்கத்துக்கு மூன்று, நாலு நிமிஷம் ஆனாலும் பதறாதீர்கள், நம் வேலை கறியிடம் ஏற்கனவே முடிந்துவிட்டது.

எடுத்ததும் தட்டில் வைக்காதீர்கள், அடிப்பக்கம் வியர்த்து நமுத்துப்போகும். கம்பித் தட்டில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு வெட்டுங்கள். வெள்ளரி ஊறுகாயும் பச்சை வெங்காயமும் உள்ளே போவதைவிடப் பக்கத்தில் இருப்பது நல்லது. டெக்சஸ் பார்பிக்யூ கடைகளில் பிரிஸ்கட்டோடு வெள்ளை பிரெட், வெங்காயம், ஊறுகாய் என்று கொடுக்கும் அதே கூட்டணிதான். மாடும் பன்றியும் புழங்காத வீட்டில் புகைபோட்ட கோழித் தொடையில் இதையே செய்யலாம். கோழியின் நெஞ்சுக்கறி சக்கையாக இருக்கும். கோழிக்கு ஒரு குறை, மறுநாள் சூடு பண்ணினால் பழைய வாடை சீக்கிரம் வரும். அதன் கொழுப்பு காற்றுப் பட்டுக் கெடுவதால் வருவது அது. இறுகச் சுற்றி வைத்து, அடுத்த நாளே தீர்த்துவிடுங்கள்.

இதெல்லாம் ருசிக் கணக்கு. ஒரு தவறு மட்டும் வயிற்றுக் கணக்கு. விருந்து முடிந்து கறி மேசைமேலேயே கிடக்க, எல்லோரும் பேசிக்கொண்டிருப்போம். இரண்டு மணி நேரத்துக்குள் அது ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால், ஜூலை மாத டெக்சஸில் அது தினப்படி, ஒரு மணி நேரம்தான் கெடு. “கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கிருமி சாகும், ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் விட்டுச்சென்ற நச்சு சூட்டுக்கு மசியாது. பெரிய துண்டமாக வைத்தால் நடு ஆற வெகுநேரமாகும், அதனால் பிரித்துத் தட்டையான டப்பாக்களில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று, நாலு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே ஃப்ரீசரில்.

இன்னொன்று, பல பேருக்குச் சுடும்போது தெரியவரும். தோசையில் முதல் தோசைதான் சொதப்பும், போகப்போகச் சரியாகிவிடும். இதில் தலைகீழ். முதல் சாண்ட்விச் அழகாக வரும், இரும்புக் கல்லில் சூடு ஏறிக்கொண்டே போக, மூன்றாவதிலிருந்து நிறம் கறுக்கத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தீயைக் குறைத்து, கல்லில் ஒட்டிய வெண்ணெய்க் கருகலைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். தெரிந்தும் பசி அவசரத்தில் விட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் நாலு பேர், சுடுகிறவன் கடைசியில் சாப்பிடுவது வழக்கம். அந்தக் கறுத்த நாலாவது எப்போதும் என் தட்டில்தான்.