அலர்ஜி மாத்திரை போடும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மெடிக்கல் ஷாப்பில் போய் "அலர்ஜிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டால் கையில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. செட்டிரிசின் வரலாம், அவில் வரலாம், சளி மாத்திரை ஒன்று வரலாம். நாலைந்து மாத்திரைகளைத் தாளில் மடித்து "செட்" என்றும் தருவார்கள். எல்லாமே தும்மலை நிறுத்தும். ஆனால் ஒன்றைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது, இன்னொன்று ரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது, செட்டில் ஸ்டீராய்டே கலந்திருக்கலாம். முதன்முறையாக அலர்ஜி மாத்திரை வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மாத்திரைக்கு அடங்கும் தொந்தரவுதானா?

ஒட்டடை அடித்தாலோ பழைய போர்வையை உதறினாலோ அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக மூக்கொழுகல், கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு, உடம்பில் திட்டுத் திட்டாகத் தடிப்பு (காணாக்கடி என்போமே, அதேதான்). இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் காரணம் உடம்பு வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருள். அது போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை மாத்திரை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் தூசியில் இறங்கிய பிறகு போடுவதைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போட்டால் நன்றாகக் கேட்கிறது.

காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தால் அது வேறு கதை. செட்டிரிசின் வைரஸ் சளியை ஆற்றாது. நெஞ்சில் வீசிங் இருந்தால் அதற்கு இன்ஹேலர் வேண்டும், மருத்துவரிடம் போங்கள். மூக்கடைப்பு மட்டுமே பெரிய தொல்லை என்றாலும் மாத்திரை அரைகுறையாகத்தான் கேட்கும். மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே அதற்கு மேல். உடனே அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும்.

படி 2: ஆபத்து அறிகுறி இருந்தால் மாத்திரையை நம்பாதீர்கள்

இறால், வேர்க்கடலை, குளவிக் கொட்டு, ஊசி மருந்து என எதற்குப் பிறகாவது உதடோ நாக்கோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், தலைசுற்றிக் கண் இருட்டினால், தடிப்போடு வாந்தியும் வந்தால் 108-ஐ அழையுங்கள். அப்போது உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்டிரிசின் முழுதாக வேலைசெய்யச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். சரிந்த ரத்த அழுத்தத்தை அது தூக்கிவிடாது, அடைத்த மூச்சுக்குழாயையும் திறக்காது. "ஒரு அவில் போட்டுப் பார்ப்போம்" என்று காத்திருக்கும் நேரம்தான் இதில் கொடியது. வண்டி வரும் வரை ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள்.

படி 3: சின்ன எழுத்தைப் படியுங்கள்

அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். நமக்கு வேண்டியது பின்பக்கச் சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரும் மில்லிகிராமும்.

குளோர்ஃபெனிரமின் (சிபிஎம்), ஃபெனிரமின் (அவில்), டைஃபென்ஹைட்ரமின், ப்ரோமெத்தசின், ஹைட்ராக்சிசின் என்று இருந்தால் அது பழைய தலைமுறை. இவை மூளைக்குள் நுழையும், தூக்கம் தள்ளும். சிபிஎம் உடம்பைவிட்டு இறங்க மெதுவாகவே இறங்கும். ராத்திரி போட்டதன் மந்தம் காலையில் பைக் எடுக்கும்போதும் கூடவே இருக்கலாம். வாய் வறளும், மலச்சிக்கல் வரும். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், ஒருவகைக் கண் அழுத்த நோயில் அழுத்தம் திடீரென ஏறலாம். வயதானவர்கள் தடுமாறி விழுவதும் குழம்பிப் பேசுவதும் உண்டு. வீட்டில் தாத்தா பாட்டிக்கு இந்த வகையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம் என்பேன்.

செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோராடடின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் ஆகியவை புதிய தலைமுறை. பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். "தூக்கம் வராத மாத்திரை" என்று சொல்லிக் கொடுப்பார்கள். செட்டிரிசின் விஷயத்தில் அதை முழுதாக நம்ப வேண்டாம், 10 மில்லிகிராம் எடுக்கும் நூறு பேரில் 14 பேர் அளவுக்குத் தூக்கக் கலக்கம் வரும். டிரைவர்களுக்கும் மெஷின் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஃபெக்சோஃபெனடின் தோது.

மாத்திரையை எண்ணி வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரர் கையிலிருக்கும் துண்டோடு போய்விடும். வெட்டும் முன் முழு அட்டையை வாங்கி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செட்டாக மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் அலர்ஜி ஒரே நாளில் மாயமாகும். அந்தச் சுகத்துக்காகத் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்களுக்குச் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும்.

படி 4: இரட்டைக் கணக்கு ஆகிறதா?

ஆரம்பக்காரர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். சளி மாத்திரைகள் பெரும்பாலும் கூட்டு மருந்துகள். செஸ்டன் கோல்டில் செட்டிரிசின், பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின் மூன்றும் உண்டு. அதோடு தனியாக ஒரு செட்டிரிசினும், காய்ச்சலுக்கு டோலோ 650-யும் (அதுவும் பாராசிட்டமால்தான்) போட்டால் இரண்டு மருந்து இரட்டிப்பாகிவிடும். ஃபினைல்எஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. இருமல் சிரப்பிலும் சிபிஎம்மோ டைஃபென்ஹைட்ரமினோ ஒளிந்திருக்கும். வெறும் அலர்ஜிக்குத் தனி மருந்தே போதும்.

தூக்க மாத்திரை, மனநல மருந்து, வலிப்பு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும். குடித்த அன்று வேண்டவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் அளவைக் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் கேட்ட பிறகே.

படி 5: அளவும் நேரமும்

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமான அளவு: செட்டிரிசின் 10 மில்லிகிராம், லெவோசெட்டிரிசின் 5, லோராடடின் 10, மூக்கு அலர்ஜிக்கு ஃபெக்சோஃபெனடின் 120. எல்லாம் நாளுக்கு ஒரே வேளை. கேட்கவில்லை என்று நீங்களாக இரண்டாவதைப் போடாதீர்கள். காணாக்கடிக்கு மருத்துவர்கள் சில சமயம் அளவைக் கூட்டுவார்கள், அது அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டியது.

புது மாத்திரை எதுவானாலும் முதல் வேளையை வீட்டில் இருக்கும் இரவில் போடுங்கள். மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு வண்டிச் சாவியை எடுங்கள். ஃபெக்சோஃபெனடினைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு குடித்தால் மருந்து உடம்பில் சேர்வது வெகுவாகக் குறையும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல்லும் அப்படியே. பிலாஸ்டின் வெறும் வயிற்றில். செட்டிரிசினுக்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது.

குழந்தைகளுக்குப் பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். மருத்துவர் எழுதிய சிரப்பை அதோடு வரும் மூடியில் அளந்து கொடுங்கள், சமையல் ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ப்ரோமெத்தசின் 2 வயதுக்குள் கூடவே கூடாது, மூச்சை அடக்கிவிடும். சிபிஎம்மும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் உத்தரவிட்டது.

படி 6: எத்தனை நாள்?

எப்போதாவது தூசி கிளம்பும் நாளுக்கு அன்று ஒன்று போதும். ஒரு வாரம் போட்டும் அடங்கவில்லை, அல்லது மாதத்தில் பாதி நாள் தேவைப்படுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் தலையணை உறையையும் போர்வையையும் வாரா வாரம் 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள வெந்நீரில் துவைத்துப் பாருங்கள், தூசிப் பூச்சி சாகும். தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனைக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் தினமும் செட்டிரிசினோ லெவோசெட்டிரிசினோ எடுத்தவர்களில் அரிதாகச் சிலருக்கு, நிறுத்திய சில நாளில் உடம்பெங்கும் தாங்க முடியாத அரிப்பு வருகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய அலர்ஜிதான் திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடி போட்டுக்கொண்டே போகாமல், மெல்லக் குறைத்து நிறுத்தும் வழியை மருத்துவரிடம் கேளுங்கள்.