இது எத்தனை எக்ஸ்ணே?

தெப்பத் திருவிழா அன்று வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து 300 மி.மீ. லென்ஸில் நிலவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த தம்பி கேட்ட கேள்வி இது.

எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்கிறான். கேமரா லென்ஸுக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. பெட்டியில் '3 எக்ஸ்' என்று போட்டிருப்பது ஜூம் லென்ஸின் பெரிய குவியத்தூரத்தை (லென்ஸில் போட்டிருக்கும் மி.மீ. எண்) சின்னதால் வகுத்தது, அவ்வளவுதான். 18-55 லென்ஸும் 3 எக்ஸ், 100-300 லென்ஸும் 3 எக்ஸ், ஆனால் ஒத்தக்கடையில் நின்று யானைமலையை எடுத்துப் பாருங்கள், ரெண்டும் ஒன்றா?

டெலஸ்கோப்பில் கணக்கு வேறு. குழாயின் குவியத்தூரம் 700 மி.மீ., ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 10 மி.மீ. என்றால் 70 மடங்கு. அதே குழாயில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 28 மடங்குதான்.

கேமராவில் ஐபீஸ் இருக்கும் இடத்தில் படத்தைப் பதியும் சென்சார் இருக்கிறது. அதில் விழும் நிலவின் அளவு தெரிய, குவியத்தூரத்தை 110ஆல் வகுங்கள்: 300க்கு 2.7 மி.மீ., ஒரு பச்சைப்பயறு அளவுகூட இல்லை! அதைப் போனில் பார்ப்பதும் சுவர் அகலத்துக்குப் போட்டுப் பார்ப்பதும் உங்கள் இஷ்டம்.

சரி, வெறும் கண்ணால் பார்ப்பதோடு ஒப்பிட்டே ஆகவேண்டுமா? ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸைக் கண்ணுக்குச் சமமாக வைத்து 50ஆல் வகுங்கள், 300 லென்ஸ் சுமார் 6 மடங்கு. அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் முதலில் 1.5ஆல் பெருக்கவேண்டும், 9 மடங்கு வரும். தோராயம்தான்.

அப்புறம், 70 மி.மீ. விட்டமுள்ள டெலஸ்கோப்பை '500 மடங்கு' என்று விற்றால் வாங்காதீர்கள், நான் ஏமாந்தாச்சு. விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 140ஐத் தாண்டினால் வெறும் மங்கல்தான்.