வியன்னாவில் மாலையும் இரவும்: முதல்முறை போகிறவர்களுக்கு

பாட்டாகவே நாடகம் நடத்துகிற அரங்கமான வியன்னா ஸ்டேட் ஓபராவை வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. உள்ளே போக நூறு, இருநூறு யூரோ ஆகும், கோட்டு சூட்டு வேண்டும் என்ற தயக்கம்தான் காரணம். அந்த ஊரில் ஒரு காபிக்கும் கேக்குக்கும் ஆகிற செலவை ஒட்டிய தொகையிலேயே உள்ளே போகலாம். ஒரு மாலையைச் சரியாகத் திட்டமிட்டால் போதும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஓபரா செப்டம்பர் முதல் ஜூன் வரைதான். ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. சீசனில் ஏறக்குறைய தினமும் நிகழ்ச்சி உண்டு, அதுவும் அடுத்தடுத்த நாள் வேறு வேறு படைப்பு. முதல்முறை என்றால் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘டோஸ்கா’ அல்லது ‘லா போயெம்’ இருக்கிற நாளாகப் பாருங்கள். இரண்டிலும் இசை மட்டும் இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான். கதையும் உடனே பிடிபடும். ‘டோஸ்கா’வை 1958-இல் அமைத்த அதே மேடை வடிவத்தில் இன்றும் நடத்துகிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சில படைப்புகள் இடைவேளையோடு ஐந்து மணி நேரம் போகும், நின்றுகொண்டு பார்க்கக் கால் தாங்காது.

வெள்ளி அல்லது சனிக்கிழமையாக அமைந்தால் இன்னும் நல்லது. அந்த இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடுகிறது. 24 மணி நேர டிக்கெட் ஒன்று வாங்கினால் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். ஓபராவுக்கு இறங்க வேண்டிய நிலையம் கார்ல்ஸ்பிளாட்ஸ்.

படி 2: பிற்பகலில் ஒரு காபி ஹவுஸ்

1880-இல் தொடங்கிய ‘கஃபே ஷ்பெர்ல்’ ஓபராவிலிருந்து நடக்கிற தூரம்தான். பெயர் பெற்ற ‘கஃபே சென்ட்ரல்’ வாசலில் பெரும்பாலும் வரிசை நிற்கும். என் ஓட்டு ஷ்பெர்லுக்கு. ‘மெலாஞ்ச்’ கேளுங்கள்: பால் நுரை மிதக்கும் காபி, நம் நாக்குக்கு உடனே ஒத்துவரும். சின்ன வெள்ளித் தட்டில் காபியோடு ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். மரச் சட்டத்தில் மாட்டிய நாளிதழ்களை எடுத்துப் புரட்டலாம். ஒரே காபியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. இந்தக் காபி ஹவுஸ் பழக்கத்தையே 2011-இல் ஆஸ்திரியா தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பில் வரும்போது ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டி, மொத்தத் தொகையைச் சொல்லிக் கொடுப்பது அங்கே வழக்கம்.

படி 3: ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட்

வழியில் அந்தக் காலத்து உடையும் பொய்முடியும் அணிந்து கச்சேரி டிக்கெட் விற்பவர்கள் உங்களை நிறுத்துவார்கள். அவர்கள் விற்பது சுற்றுலாப் பயணிகளுக்கான வேறு அரங்குகளின் நிகழ்ச்சி. புன்னகைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நின்று பார்க்கும் டிக்கெட் நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பனைக்கு வரும். இணையத்தில் வாங்கலாம், நேரில் என்றால் ஓப்பர்ன்காஸே தெருப் பக்கம் தனி வாசல் இருக்கிறது, திரை உயர்வதற்கு 80 நிமிடம் முன்னால் கவுன்டர் திறப்பார்கள். பிரபலமான பாடகர் பாடுகிற நாளில் வரிசை வெகு முன்பே சேர்ந்துவிடும். நேர விவரங்களை ஓபராவின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் மூன்று வகை. கீழ்த்தளம் மேடைக்கு நேர் எதிரே, நடு மாடத்துக்கு அடியில் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கப் பெருந்தொகை கொடுத்தவர்களுக்குக் கிடைக்கிற அதே காட்சி உங்களுக்கும். மேலே பால்கனி, அதற்கும் மேலே காலரி. காலரியில் மேடை சின்னதாகத் தெரிந்தாலும் ஒலி அற்புதமாக இருக்கும்.

முன்பெல்லாம் பிடித்த இடத்தின் கைப்பிடிக் கம்பியில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டி இடம் பிடிப்பார்கள். இப்போது டிக்கெட்டிலேயே இட எண் இருக்கும், உள்ளே போனதும் அந்த இடத்தைப் பார்த்துவையுங்கள். பிறகு கோட்டையும் பையையும் ஒப்படைக்கிற கவுன்டரில் கொடுத்துவிட்டு, பளிங்குப் படிக்கட்டையும் முன்கூடத்தையும் நிதானமாகப் பாருங்கள். 1869-இல் திறந்த இந்த மாளிகை 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்தபோது, தப்பிய பகுதிகளில் இவையும் உண்டு. அரங்கத்தைத் திரும்பக் கட்டி 1955 நவம்பரில் பீத்தோவனின் ‘ஃபிடெலியோ’வோடு திறந்தார்கள்.

நிற்கிற இடத்திலும் வசன வரிகள் காட்டும் சின்னத் திரை இருக்கும், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உடைக்குப் பயப்பட வேண்டாம்: நல்ல சட்டை, முழு பேன்ட், அல்லது சுடிதார், புடவை. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். தாமதமாக வந்தால் இடைவேளை வரை உள்ளே விடமாட்டார்கள். விளக்கு அணைந்து, மைக் இல்லாமல் ஒரு மனிதக் குரல் அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசை வரை வந்து சேரும்போது கால்வலி மறந்துபோகும்.

வசந்த காலத்திலும் செப்டம்பரிலும் பல நாட்கள், உள்ளே நடப்பதை வெளிச்சுவரில் பெரிய திரை வைத்து இலவசமாக நேரலையில் காட்டுகிறார்கள். டிக்கெட் கிடைக்காத நாளில் அது கைகொடுக்கும்.

படி 4: நிகழ்ச்சி முடிந்ததும்

பசிக்கும். ஆல்பர்டீனா அருங்காட்சியகத்தின் பக்கம் ஒரு சாசேஜ் கடை இருக்கிறது. ஓபரா பார்த்து வந்த கோட்டு சூட்டுக்காரரும் டாக்சி ஓட்டுநரும் ஒரே மேசையருகே நின்று சாப்பிடுவார்கள். ‘கேஸெக்ரைனர்’ கேட்டால், உள்ளே சீஸ் துண்டுகள் வைத்த சாசேஜை வெட்டி, கடுகு விழுதும் பிரெட்டும் வைத்துத் தருவார்கள். உருகிய சீஸ் சுடச்சுடப் பீறிடும், பார்த்துக் கடியுங்கள். பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். சைவம் என்றால் ‘கஃபே ஹவெல்கா’வுக்குப் போங்கள், இரவில் அடுப்பிலிருந்து இறங்குகிற ‘புக்டல்ன்’ என்ற ஜாம் பன் அங்கே பெயர் பெற்றது.

இன்னும் தூக்கம் வரவில்லையா? தரைக்கு மேலே ஓடும் ஆறாம் மெட்ரோ வழித்தடத்தின் அடியில், கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் வடிவமைத்த செங்கல் வளைவுகளுக்குள் வரிசையாக மதுக்கூடங்களும் இசைக்கூடங்களும் உள்ளன. ஜோசப்ஷ்டேட்டர் ஷ்ட்ராஸ்ஸே நிலையத்தில் இறங்கினால் சத்தமே வழிகாட்டும். கோடையில் டான்யூப் கால்வாய்க் கரையில் உட்காரலாம்.

படி 5: மறுநாள் மாலை திராட்சைத் தோட்டத்துக்கு

இதைத் தவறவிடாதீர்கள். 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், திராட்சை விவசாயிகள் தங்கள் மதுவைத் தாங்களே விற்கலாம் என்று ஆணையிட்டார். அப்படி வளர்ந்தவைதான் ‘ஹொய்ரிகர்’ என்ற தோட்டத்து மதுக்கடைகள். வாசலில் பைன் கிளைக் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது. 38-ஆம் எண் டிராம் கிரின்ட்சிங்குக்குப் போகும், கூட்டமும் அங்கேதான். அமைதி வேண்டுமென்றால் 31-ஆம் எண் டிராமில் ஷ்டாம்மர்ஸ்டார்ஃப். ஒரே தோட்டத்தில் பல வகைத் திராட்சையைக் கலந்து வளர்த்து, ஒன்றாகவே பிழிந்து எடுக்கும் ‘கெமிஷ்டர் சாட்ஸ்’தான் வியன்னாவின் சொந்த மது. குடிக்காதவர்கள் திராட்சைச் சாறு கேளுங்கள். உணவை நீங்களே போய் எடுத்துவர வேண்டும்: உருளைக்கிழங்கு சாலட், மிளகாய்த்தூள் கலந்த ‘லிப்டவர்’ சீஸ் விழுது, கறுப்பு ரொட்டி. பல கடைகள் வாரத்தில் சில நாட்கள்தான் திறக்கும் என்பதால், டிராம் ஏறுமுன் எது திறந்திருக்கிறது என்று விடுதியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.