புது ரெக்கார்டு பிளேயர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில், ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (கணக்கெழுதும் எழுத்தராக) இருந்தவர்களின் வீடுகளில் இன்னும் கட்டுக்கட்டாக இசைத்தட்டுகள் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அவற்றை யாரும் தூக்கிப் போடவில்லை. பிள்ளைகள் கையில் நாலு காசு சேர்ந்ததும், அப்பாவின் பழைய பிளேயருக்குப் பதிலாக உயர்ரகமான ஒன்றை வாங்க நினைக்கிறார்கள். நல்ல நினைப்புதான். ஆனால் கோலாலம்பூர் கடையின் குளிர் அறையில் அரைமணி நேரம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். நம் வீட்டுத் தரை, நம் மின்சாரம், நம் தட்டு ஆகிய மூன்றும் அந்த அறையில் இல்லை.

முதலில், பழையது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பாருங்கள். நம் ஊர் வெக்கையில் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோவது சாதாரணம். தட்டின் நடுச்சீட்டில் ஒரு காகிதத் துணுக்கை ஒட்டி, ஊசியை வைத்து ஓடவிட்டு எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வரவேண்டும். 97, 98 என்று நின்றால் முதலில் பெல்ட்டை மாற்றுங்கள். ஊசி தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிட்டு, அப்புறம் புதியதைப் பற்றி யோசிக்கலாம்.

மின்சாரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் விற்கப்பட்ட பெல்ட் பிளேயர் ஒன்றை வாங்கி, வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மரும் வைத்து ஓடவிட்டான். அடுப்படியில் இருந்த சித்தி எட்டிப் பார்த்து, "ஏன்டா, பாடுறது ஆம்பளையா?" என்று கேட்டார். பாடியது ஒரு பெண். அந்த மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்ணை) பொறுத்தது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. அதனால் 33⅓ சுற்ற வேண்டியது 27.8 சுற்றுதான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடிய குரல் ஏறக்குறைய மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். பெல்ட்டை இழுக்கும் சிறு சக்கரமான புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றினால் சரியாகும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 போல, வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்தும், பெல்ட் இல்லாத நேரடி மோட்டார் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. வோல்ட் பொருந்தினால் போதும். வாங்குமுன், "இது எந்த வகை மோட்டார்?" என்று கேட்டுவிடுங்கள்.

ஒப்பிட்டுக் கேட்பதிலும் தவறு நடக்கிறது. ஒரு பிளேயரில் விலை உயர்ந்த மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு பாகம்), இன்னொன்றில் சாதாரண மூவிங் மேக்னட் வகை. இரண்டும் தரும் சத்தத்தின் அளவே வேறு. சற்று உரக்கக் கேட்பதுதான் நமக்கு எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரே கார்ட்ரிட்ஜ், ஒரே ஆம்ப்ளிபையர், ஒரே அளவு சத்தம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், கொடுப்பது நம் பணம். கடையில் இருக்கும் தட்டை நம்பாமல் உங்கள் தட்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை வேகத்தின் தடுமாற்றத்தை உடனே காட்டிக்கொடுக்கும், தாளக்கட்டான பாட்டில் அது மறைந்துவிடும். தட்டின் ஒரு பக்கத்தில் உள்ள கடைசிப் பாட்டையும் கேளுங்கள். ஊசியின் கோணம் சரியில்லை என்றால் 'ச', 'ஸ' எழுத்துகள் அங்கேதான் கரகரக்கும்.

விளம்பரத் தாளில் உள்ள எண்களைப் பார்த்து மயங்குகிறவர்களும் உண்டு. வேகத் தடுமாற்றம் 0.025 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் உங்கள் தட்டின் துளை மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் சுருதி அரை சதவீதம் ஏறி இறங்கும். அது அந்த எண்ணைப்போல் இருபது மடங்கு. 0.025க்கும் 0.03க்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்காக ஆயிரக்கணக்கில் வெள்ளியை இறைக்காதீர்கள்.

அப்புறம் தரை. தோட்ட அலுவலர்களுக்குக் கட்டிய பழைய ஸ்டாப் வீடுகளில் பலகைத் தரை. பேரப்பிள்ளை ஓடினால் ஊசி துள்ளும். லின் எல்பி12 போல ஸ்பிரிங்கில் தொங்கும் அமைப்புள்ளவை அருமையாகப் பாடும், ஆனால் ஆடும் தரையில் அவையும் சேர்ந்து ஆடும். அதற்குச் செங்கல் சுவரில் அடித்த பலகை பெரிய மாற்றத்தைத் தரும். எங்கள் வீட்டில் அலமாரி மேல் இருந்ததைச் சுவர்ப் பலகைக்கு மாற்றிய அன்றே துள்ளல் நின்றது.

கடைசியாக, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள். அப்பாவின் பெட்டியில் கனமான, கீழே விழுந்தால் உடையும் அரக்குத் தட்டுகள் இருந்தால், அந்த வேகம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ரேகா பிளானர் 3 போன்ற நல்ல பிளேயரில்கூட 33, 45 மட்டும்தான். வேகம் இருந்தாலும் ஊசி வேறு வேண்டும்: எல்பி எனப்படும் 33⅓ தட்டுக்கான ஊசியின் முனை 18 மைக்ரான் அளவு, 78க்கு அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. மெல்லிய ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு இரைச்சலைத்தான் எடுக்கும்.

கடைக்குக் கிளம்பும்போது பலகையின் அளவை எழுதிக்கொண்டு போங்கள். மூடி முழுதாகத் திறக்க மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து.