உண்ணிச்செடிக் குச்சியில் ஆளுயரக் கும்பிடுபூச்சி

நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள், காட்டை ஆக்கிரமிக்கும் களையான உண்ணிச்செடியின் (லண்டானா) குச்சிகளால் நிஜ யானை அளவுக்கே யானை செய்கிறார்கள். அதே குச்சியில் பெரிய பூச்சிகளும் செய்யலாம். எனக்குப் பிடித்தது கும்பிடுபூச்சி.

முதலில் நன்றாகப் பாருங்கள். விடியற்காலைக் குளிரில் தேயிலைச் செடி மேல் பூச்சிகள் மந்தமாக இருக்கும், பிடிக்கவே வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் படம் எடுங்கள். ஆறு கால்களும் மார்பிலிருந்துதான் கிளம்பும், வயிற்றிலிருந்து அல்ல. பலர் தவறுவது இங்கேதான். இது தப்பினால் என்ன அழகாகப் பின்னினாலும் பூச்சிக்கு உயிர் வராது.

5 செ.மீ. பூச்சியை 30 மடங்காக்கினால் 150 செ.மீ. ஆனால் கால் கம்பியின் குறுக்குப் பரப்பு 900 மடங்கு கூடும்போது எடை 27,000 மடங்கு கூடிவிடும், கால் தாங்காது. அதனால் உடம்பை உள்ளே கூடாகவே விடுங்கள். ஒரு பக்கக் காலில் தொடங்கும் இரும்புக் கம்பியை வெட்டாமல் மார்பு வழியாக மறுபக்கக் கால் வரை கொண்டுபோங்கள். ஒட்டவைத்த கால் நீலகிரிக் காற்றுக்கு நிற்காது.

குச்சியைக் கொதிநீரில் வேகவைத்துப் பட்டையை உரியுங்கள். சூடு ஆறுமுன் வளைத்துக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். காட்டுக்குள் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். பழம் உள்ள கிளைகளை வழியில் போடாதீர்கள், பறவைகள் விதையைப் பரப்பிவிடும்.