கோட்டையூர் ஏன் மாறவில்லை? பைத்தானில் தேடி மாற்றுவது

தங்கை கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அனுப்ப அப்பச்சியின் விலாசப் பட்டியலை எடுத்தேன். பல வருடமாகப் பல பேர் பல கணினிகளில் அடித்துச் சேர்த்தது. கோட்டையூர் பாதி இடங்களில் 'கோட்டயூர்' என்று கிடந்தது.

கணினியில் பைத்தான் நிரல்மொழி போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் கோப்புக்கு ஒரு நகல். திறக்கும்போது என்கோடிங், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, யூடிஎஃப்-8 என்று கட்டாயம் சொல்லுங்கள்; விண்டோஸில் விட்டால் தமிழ் குதறிப்போகும். மொத்தத்தையும் ஒரே சரமாக, அதாவது ஒரே எழுத்துத் தொடராகப் படித்து ரீப்ளேஸ் போடுங்கள்: முதலில் பழைய சொல், அடுத்து புதிய சொல். ரீப்ளேஸ் இருக்கிற சரத்தைத் தொடாது, புதிதாக ஒன்றைத் தரும். அதை ஒரு மாறியில் வாங்கி, அதைத்தான் எழுத வேண்டும்.

நான் சோம்பலில் 'கோட்ட' என்று மட்டும் தேடி 'கோட்டை' ஆக்கினேன். தேவகோட்டை 'தேவகோட்டைை' ஆனது, புதுக்கோட்டைக்கும் அதே கதி. முழுச் சொல்லாகத் தேடுங்கள். வடிவம் சொல்லித் தேடும் ரெஜெக்ஸில் சொல் எல்லைக் குறி இருக்கிறதே என்பீர்கள். அதற்காகப் பைத்தானோடு வரும் ரீ தொகுப்பு நம் புள்ளியையும் துணைக்குறிகளையும் எழுத்தாக எண்ணுவதில்லை; சொல்லுக்கு நடுவிலேயே எல்லை போட்டுவிடும்.

சரி, முழுச் சொல்லைப் போட்டும் சில வரிகள் அசையவில்லை. இதில்தான் ஒரு ராத்திரி போயிற்று. திரையில் இரண்டும் அச்சு அசல் கோட்டயூர். கடைசியில் சரத்தின் நீளத்தை எண்ணும் லென் போட்டுப் பார்த்தேன்: ஒன்று 9, இன்னொன்று 10! ஒருவர் அடித்த 'கோ'வில் ஓகாரக் குறி ஒரே குறி; இன்னொருவருடைய விசைப்பலகை அதையே இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாக வைத்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

மருந்து, யூனிகோட்டேட்டா தொகுப்பில் உள்ள நார்மலைஸ். என்எஃப்சி என்று சொல்லிச் சரத்தைக் கொடுத்தால் பிரிந்ததை ஒட்டித் தரும். ரீப்ளேஸுக்கு முன்பே செய்யுங்கள், தேடும் சொல்லுக்கும் சேர்த்து. ஆங்கிலக் கோப்பு என்றால் எனக்கும் லினக்ஸில் தேடி மாற்றும் செட் (sed) கட்டளைதான் பிடிக்கும், ஒரே வரியில் முடியும். ஆனால் இந்த ஒட்டுவேலை அதற்குத் தெரியாது.

பின்சேர்க்கை: 'கௌரி' இதிலும் மாறவில்லை என்று ஒருவர் எழுதினார். அவர் பட்டியலில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகர எழுத்துமாக அடித்திருந்தார்கள். அதை என்எஃப்சி தொடாது. 'கெளரி' என்று முழுப் பெயராகத் தேடி மாற்றுங்கள். வெறும் 'கெள' போதுமே என்று காரைக்குடியில் மெஸ் நடத்தும் நண்பர் தன் விலைப்பட்டியலில் செய்து பார்த்தார். கெளுத்தி மீன் குழம்பு 'கௌுத்தி'யாகி அச்சுக்குப் போய்விட்டது.